செம்புக் கம்பியில் அப்பா

1

எங்கள் குடியிருப்புச் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறை கூடும். காபியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுப்பார்கள். பாயசத்தில் போட வேண்டிய ஏலக்காயை ரொட்டியில் போட்டுப் பாழாக்குகிறார்களே என்று வந்த புதிதில் இந்த ஸ்வீடன்காரர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. இப்போது இரண்டாவது ரொட்டிக்குக் கையை நீட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டேன்.

போன இலையுதிர் காலத்தில் நடந்த கூட்டத்தில் பேச்செல்லாம் கம்பியைப் பற்றித்தான். கட்டடத்துக்குள் வருகிற பழைய செம்புத் தொலைபேசிக் கம்பியை விட்டுவிட்டு, வீட்டுக்கு வீடு கண்ணாடி இழையைக் கொண்டுவரப் போகிறார்கள். இன்டர்நெட், டிவி, போன் மூன்றும் அந்த ஒரே ஃபைபரில் வந்துவிடும். செம்புக் கம்பியின் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். எங்கள் ஊமியோ நகரம் ஸ்வீடனின் வடக்கே, பாதி வருடம் பனிக்குள் கிடக்கிற ஊர். ஆனால் கண்ணாடி இழை விஷயத்தில் மட்டும் இந்த ஊர்க்காரர்களுக்கு அப்படி ஒரு அவசரம்.

“வீட்டு போன் நம்பர் மாறாதே?” என்று எழுந்து கேட்டேன்.

சங்கத் தலைவர் வாயைத் திறக்காமல் ‘ஹுப்’ என்று மூச்சை உள்ளே இழுத்தார். இந்த வட்டாரத்தில் ‘ஆமாம்’ என்பதை அப்படித்தான் சொல்வார்கள். நான் வந்த புதிதில் வரி அலுவலகத்தில் ஒரு அம்மா என் கேள்விக்கு இப்படி மூச்சை இழுக்க, நெஞ்சு வலியோ என்று பயந்து என் தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டியிருக்கிறேன். அவரும் வாங்கிக் குடித்தார், பாவம்.

அதே நம்பர், அதே போன், கம்பி மட்டும்தான் மாறுகிறது என்று தலைவர் விளக்கினார். நான் கையைத் தூக்கி ஆதரவு தெரிவித்தேன். என் கணவர் மஞ்சுவும் தூக்கினார். அவருக்கு கிரிக்கெட் நிற்காமல் ஓட வேண்டும்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். அங்கே ஆளுக்கொரு செல்போன் வந்து, வீட்டு போனை எக்ஸ்சேஞ்சில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் இங்கே ஒரு வீட்டு போனுக்காகக் கூட்டத்தில் எழுந்து நிற்கிறேன். காரணம் என் அப்பா.

2

அப்பா ஓசூரில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர். தகட்டை அச்சுக்குள் வைத்து அடிக்கிற ராட்சத பிரஸ்கள் வரிசையாக நிற்கும் இடம். உள்ளே போனால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அங்கே வேலை செய்கிறவர்கள் பேசுவதில்லை, தட்டுவார்கள்.

ஆயுதபூஜை அன்று மட்டும் குடும்பத்தாரைக் கம்பெனிக்குள் விடுவார்கள். மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியிருக்கும். பொரியும் ஸ்வீட் பாக்கெட்டும் கொடுப்பார்கள். ஒரு வருடம் நான் கேட்டுக்கொண்டதற்காக அப்பா ஒரு ஸ்பேனரை எடுத்துத் தன் பிரஸ்ஸின் இரும்புச் சட்டத்தில் தட்டிக் காட்டினார். ஒரு தட்டு என்றால் சரி, ஓட்டு. இரண்டு என்றால் வேண்டாம், நிறுத்து. மூன்று என்றால் இங்கே வா, விஷயம் இருக்கிறது. அவர் மூன்று தட்டியதும், ஷெட்டின் அந்தக் கோடியில் பொரி தின்றுகொண்டிருந்த அவருடைய கூட்டாளி பொட்டலத்தோடு திரும்பி எங்களை நோக்கி வர ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு மெஷின் ஓடவில்லை, கூப்பிட்டாலே கேட்டிருக்கும். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வீட்டிலும் அதே பழக்கம்தான். சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் டம்ளரால் இரண்டு தட்டினால் சோறு போதும் என்று அர்த்தம். ‘வாயில என்ன கொழுக்கட்டையா?’ என்று அம்மா திட்டுவாள். நான் பர்கூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு நானும் அப்பாவும்தான். படிப்பு முடிந்து ஓசூரிலேயே வேலை கிடைத்தது. வேலை செய்த இடத்தில் மஞ்சு கிடைத்தார். அவர் வீடு ஜூஜுவாடி செக்போஸ்ட்டைத் தாண்டி, கர்நாடகத்தில், அத்திப்பள்ளிக்குப் பக்கத்தில். மாநிலமும் பாஷையும் வேறு. தூரமோ டவுன் பஸ்ஸில் போய் வருகிற தூரம். மகள் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கப்போகிறாள் என்று அப்பா சந்தோஷமாகக் கல்யாணம் செய்துவைத்தார். கொஞ்ச காலத்தில் மஞ்சுவுக்கும் எனக்கும் இங்கே லாரி கேபின் செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, பஸ்ஸில் போக முடியாத தூரத்துக்கு வந்துவிட்டோம்.

நாங்கள் இங்கே வந்த பிறகு அப்பாவுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. நான் லீவு போட்டு ஓடினேன். பெங்களூரில் ஆபரேஷன் செய்து உயிரைக் காப்பாற்றினார்கள். குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். ஒரு நாள் பேசிப் பார்த்துவிட்டு, ‘இது என் குரல் இல்லை’ என்று ஸ்லேட்டில் எழுதிக் காட்டிவிட்டு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். எங்களோடு வந்து இருக்கச் சொன்னதற்கு ஸ்லேட்டில்கூட எழுதவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

நான் ஊமியோ திரும்பிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். ரிசீவரை எடுக்கும் சத்தம் கேட்டது. என்ன பேசுவது என்று தெரியாமல், “அப்பா, சாப்பிட்டீங்களா?” என்றேன். டொக் என்று ஒரு தட்டு வந்தது. ஒரு இரும்பு நட்டை எடுத்து ரிசீவரின் வாயில் தட்டியிருக்கிறார். “சளி இருக்கா?” என்றேன். இரண்டு தட்டு. அப்படியே கேள்வி கேட்டுக் கேட்டு நெடுநேரம் பேசினோம்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் இப்படித்தான். அவர் மூன்று தட்டினால் சொல்வதற்கு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். நான் தேடிப் பிடிக்க வேண்டும். “வீட்டு விஷயமா? பக்கத்து வீட்டு விஷயமா? கரண்ட்டா? தண்ணியா?” போர்வெல்லில் தண்ணீர் வற்றியதையும், பக்கத்து வீட்டு ரத்னம்மா அக்காவின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்ததையும் இப்படித்தான் கண்டுபிடித்தேன். நட்டை ரிசீவரின் ஓட்டைகள் மேல் ‘கர்ர்ர்’ என்று இழுத்தால் சிரிக்கிறார் என்று அர்த்தம். இந்தக் கடைசிச் சத்தம் பிரஸ் ஷாப்பில் கிடையாது. எங்களுக்காக அவரே உண்டாக்கியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்குப் பேச விற்கிற காலிங் கார்டு போட்டுப் பேசினால் மலிவு. ஆனால் கார்டு லைனில் அவர் தட்டுவது பாதிதான் வந்து சேரும். செல்போனிலும் அப்படித்தான். அதனால் அங்கேயும் வீட்டு போன், இங்கேயும் வீட்டு போன். அவசரம் என்றால் எனக்கு மிஸ்டு கால் கொடுப்பதற்காக எங்கள் நம்பரைக் கம்பெனி மார்க்கிங் பெயின்ட்டால் சுவரில் எழுதி வைத்திருக்கிறார். அந்த நம்பர் மாறக்கூடாது என்பதற்குத்தான் கூட்டத்தில் எழுந்து நின்றேன். கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை என்று அப்போது தெரியவில்லை.

3

ஃபைபர் போட வந்தவர்கள் வாசலிலேயே ஷூவின் மேல் நீல நிறத்தில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். சுவரில் விரல் பருமனில்கூட இல்லாத ஒரு ஓட்டை. தலைமுடியைப் போன்ற இழை. ஒரு வெள்ளைப் பெட்டி. பழைய போனைச் செம்பு பிளக்கிலிருந்து பிடுங்கி வெள்ளைப் பெட்டியில் மாட்டினார்கள். துளசிமாடம் இருக்க வேண்டிய மூலையில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

மஞ்சு கிரிக்கெட் போட்டார். பந்து விழுவதற்கு முன்பே விக்கெட் தெரிகிற வேகம் என்று பெருமைப்பட்டார். என் மகள் மீரா பத்து வயதைக் கடந்துவிட்டவள். அவள் தன் தோழிகளோடு அறைக் கதவை மூடிக்கொண்டு எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பும் ஸ்வீடிஷில்தான் வருகிறது. நான் தமிழில் கேட்டால் ஸ்வீடிஷில் பதில் சொல்வாள். மஞ்சு கன்னடத்தில் கேட்டாலும் ஸ்வீடிஷில்தான் பதில். எங்கள் இருவரையும் சமமாக நடத்துகிறாள் என்று மஞ்சு சமாதானம் சொல்வார். தாத்தாவோடு மட்டும் அவளுக்கு பாஷைப் பிரச்சினை கிடையாது. அவளும் ஒரு பென்சிலை எடுத்துத் தட்டுவாள். அவர் ‘கர்ர்ர்’ என்பார். பேரன் பேத்திகளோடு வெளிநாட்டு போனில் திண்டாடுகிற மற்றத் தாத்தாக்களைவிட என் அப்பா கொடுத்துவைத்தவர்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். ரிங் போனது. ரிசீவரை எடுத்தார்.

“அப்பா, புது லைன் போட்டாச்சு. நல்லா கேக்குதா?”

ஒன்றும் இல்லை.

“அப்பா?”

பழைய லைனில் எப்போதும் ஒரு ‘ஸ்ஸ்’ இருக்கும். அதற்குப் பின்னால் ஓசூரின் லாரி ஹாரன் கேட்கும், ரத்னம்மா அக்கா வீட்டு குக்கர் விசில் கேட்கும். இந்த லைனில் அதுவும் இல்லை. துடைத்து வைத்த மாதிரி மௌனம். துண்டித்துவிட்டு மறுபடி கூப்பிட்டேன். மறுபடி எடுத்தார், மறுபடி மௌனம். மூன்றாவது முறை ரத்னம்மா அக்கா எடுத்தார். அவர் குரல் காதுக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல் அத்தனை தெளிவாக இருந்தது.

“ஏம்மா மல்லிகா, உங்கப்பா டொக்கு டொக்குன்னு தட்டிக்கினே இருக்கறாரு. எங்க வீடு வரைக்கும் கேக்குது. உனக்கு கேக்கலையா?”

“கேக்கலக்கா. இப்ப தட்டச் சொல்லுங்க.”

“தட்டறாரு பாரு. கேக்குதா?”

கேட்கவில்லை.

4

கேபினுக்குள் வருகிற கடகடப்பும் கிறீச்சொலியும் எங்கிருந்து வருகின்றன என்று கண்டுபிடித்து ஒழிப்பதுதான் தொழிற்சாலையில் என் வேலை. ஓட்டுநருக்கு இஞ்சின் சத்தம் ஓரளவு கேட்கலாம், ரேடியோ கேட்க வேண்டும், மற்றதெல்லாம் போக வேண்டும். அதனால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. எங்கோ ஒரு எந்திரம் என் வேலையை என்னைவிட ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது. மனிதக் குரலை வைத்துக்கொண்டு மற்ற ஒலியையெல்லாம் குப்பை என்று கழித்துவிடுகிறது. குக்கர் குப்பை, ஹாரன் குப்பை, அப்பாவும் குப்பை.

மறுநாள் மஞ்சுவை அவர் அலுவலக போனிலிருந்து வீட்டுக்குப் பேசச் சொன்னேன். பேனாவால் ரிசீவரில் தட்டச் சொன்னேன். “தட்தா இதீனி, கேள்தா?” என்று, தட்டுகிறேன், கேட்கிறதா என்று அவர் கன்னடத்தில் கேட்டது பளிச்சென்று காதில் விழுந்தது. தட்டியது வரவில்லை. சந்தேகம் தீர்ந்தது.

தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டேன். வரிசையில் காத்திருக்கச் சொல்லி பியானோ போட்டார்கள். கடைசியில் ஒரு பெண் வந்தாள். நல்ல பெண். பொறுமையாகக் கேட்டாள்.

லைனில் இரைச்சல் இருக்கிறதா? இல்லை. நடுவில் அறுந்துபோகிறதா? இல்லை. எதிரொலி? இல்லை. அப்படியானால் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்றாள்.

“ரொம்பச் சரியாக இருக்கிறது, அதுதான் கஷ்டம். எனக்குச் சத்தம் வேண்டும்” என்றேன்.

நான் விளக்க முயன்றேன். எனக்குத் தொழிற்சாலை ஸ்வீடிஷ் நன்றாக வரும். போல்ட், கதவுக் கீல், அதிர்வு எல்லாவற்றையும் பிழையில்லாமல் பேசுவேன். அப்பாவைப் பற்றிப் பேச வார்த்தை சேர்த்து வைக்கவில்லை. பதற்றத்தில், “என் அப்பா தட்டுகிறார், அவரால் பேச முடியாது” என்று சொல்லிவைத்தேன்.

“அப்படியா? போய்க் கதவைத் திறந்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்” என்றாள் அவள், மிகுந்த அன்போடு.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நன்றி சொல்லி வைத்துவிட்டேன். பழைய கம்பிக்கே திரும்பிவிடலாம் என்று சங்கத் தலைவரைப் போய்ப் பார்த்தேன். செம்பு இணைப்பைக் கட்டடம் முழுவதும் துண்டித்தாகிவிட்டது, கூட்டத்தில் ஒருமனதாக முடிவானதாயிற்றே என்றார். அந்த ஒருமனதில் என் மனதும் இருந்ததால் பேசாமல் வந்துவிட்டேன்.

5

அடுத்த ஞாயிறு ரத்னம்மா அக்காவை அப்பா பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினேன். அவர் தட்டுவதை அக்கா எனக்குச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

“சாப்பிட்டீங்களாப்பா?”

“ஒண்ணு தட்டினாரும்மா.”

“உடம்பு பரவால்லையா?”

“ஒண்ணு.”

“ராத்திரி தூக்கம் வருதா?”

“ஒண்ணுதான்மா. எல்லாத்துக்கும் ஒண்ணுதான் தட்டறாரு.”

அதுதான் எனக்கு இடித்தது. அப்பா அத்தனை சுலபமாக ஆமாம் போடுகிறவர் இல்லை. மூன்றாம் மனிதர் நடுவில் இருக்கிறார் என்றதும், கம்பெனியில் மேனேஜருக்குச் சொல்வதுபோல் எல்லாம் சரி, எல்லாம் சரி என்று ஒப்பித்துக்கொண்டிருந்தார். ரத்னம்மா அக்கா நல்லவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களுக்காகத் தமிழுக்கு மாறுவார். காய்கறி வாங்கிக் கொடுப்பார், கரண்ட் பில் கட்டப் போவார். ஆனால் மகளிடம் சொல்கிற விஷயத்தை அப்பா அவர் வாயால் சொல்ல மாட்டார்.

வைக்கப் போகும்போது அக்கா சொன்னார், “இரும்மா, இரு. மூணு தட்டறாரு.”

மூன்று தட்டினால் விஷயம் இருக்கிறது.

“என்னப்பா? உடம்பு விஷயமா?”

“ரெண்டு தட்டறாரு.”

“வீடா?”

“ரெண்டு.”

“அக்கம்பக்கத்துல ஏதாவதா?”

அக்கா சற்றுச் சங்கடத்தோடு பேசினார். “அந்த நட்டை சட்டைப் பாக்கெட்ல போட்டுக்கினாரும்மா. எழுந்து அந்தப் பக்கம் போயிட்டாரு. நான் ஸ்லேட்டைக் குடுத்து எழுதிக் காட்டுங்கன்னேன். ஒண்ணுமில்லன்னு எழுதறாரு.”

அப்பா எதையும் வாய்விட்டுக் கேட்டுப் பழகாதவர். வாய் இருந்த காலத்திலேயே அப்படித்தான். தீபாவளிக்கு என்ன வேண்டும் என்று அம்மா பத்துச் சட்டை சொன்னால், பதினோராவதற்குத்தான் தலையாட்டுவார். சரியான கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும். அதைக் கேட்கிற வசதியை நான் கையைத் தூக்கித் தொலைத்திருந்தேன்.

அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை. உடம்பு விஷயம் இல்லை என்று இரண்டு தட்டினாராம். ஆனால் அது அக்கா முன்னால் தட்டியது. கழுத்தில் மறுபடி ஏதாவது தட்டுப்பட்டிருந்தால்? அதை மறைத்தால்? டாக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னதற்கு, கூப்பிட்டால் கையை ஆட்டி விரட்டுகிறார் என்றார் அக்கா. எனக்குப் பயமாக இருந்தது. சோதனைக்கூடத்தில் கேபினுக்குள் உட்கார்ந்து, காதில் கருவி மாட்டிக்கொண்டு ஒரு கடகடப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்ததும் அதை ஒழிக்க மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தேன். உடன் வேலை செய்கிறவர் கண்ணாடிக்கு வெளியிலிருந்து என்னவென்று சைகை காட்டினார். ஒன்றுமில்லை என்று கையசைத்தேன்.

6

இரண்டாவது முறை வாடிக்கையாளர் சேவைக்குப் பேசியது மீரா. நான் கேட்கவில்லை. நான் போனை முன்னால் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “நான் பேசறேன்” என்று எடுத்துக்கொண்டாள். தமிழில்தான் சொன்னாள். பிறகு அவளுடைய பாஷைக்கு மாறினாள்.

அவள் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். என் பெண் பேசுகிற ஸ்வீடிஷ் எனக்குப் பாதிக்கு மேல் பிடிபடவில்லை, அத்தனை வேகம். வார்த்தைகளுக்கு நடுவே அவளும் ‘ஹுப்’ என்று மூச்சை இழுத்தாள். இந்தக் குழந்தை முழுக்க இந்த ஊர்க்காரியாகிவிட்டாள் என்று எத்தனையோ முறை நொந்திருக்கிறேன். அன்றைக்கு வேறு மாதிரி தோன்றியது. எங்கள் வீட்டிலேயே வாயுள்ள ஆள் இவள் ஒருத்திதான்.

நடுவில் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் கேட்டாள், “நம்ம போன்ல ஃபேக்ஸ் மெஷின் இருக்கான்னு கேக்கறாங்க. அல்லது திருடன் வந்தா அடிக்கிற அலாரம். அப்படி இருந்தா அவங்க எதையும் வடிகட்ட மாட்டாங்களாம். வர்ற சத்தத்தை அப்படியே விட்டுடுவாங்களாம்.”

எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. ஃபேக்ஸ் என்பது கீச்சென்றும் கொர்ரென்றும் ஒலியால் பேசுகிற எந்திரம். அதை வடிகட்டினால் தாளில் ஒன்றும் வராது. அதற்காக ஒரு தனி வழி வைத்திருக்கிறார்கள்.

“இருக்குன்னு சொல்லு” என்றேன்.

“இல்லையே.”

“இருக்குன்னு சொல்லுடி. யாரு வந்து பாக்கப் போறாங்க?”

“அது பொய், அம்மா.” அவள் கண்ணை விரித்துப் பார்த்த பார்வையில் நான்தான் சின்னப் பெண். ஓசூரில் ரேஷன் கார்டு வாங்கவும் கேஸ் கனெக்‌ஷன் வாங்கவும் நாங்கள் சொல்லாத சமாளிப்பா? இல்லாத மாமனாரை இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் இவள் வளர்ந்தது இங்கே. அந்தப் பக்கம் இருப்பவர் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார், அதனாலேயே பொய் சொல்லக்கூடாது என்று இங்கே பள்ளியில் பழக்கியிருக்கிறார்கள்.

ரிசீவரிலிருந்து கையை எடுத்தாள். நிதானமாக, எனக்கும் புரிகிற வேகத்தில் பேசினாள். “எங்கள் வீட்டில் ஃபேக்ஸ் இல்லை. எனக்கு ஒரு தாத்தா இருக்கிறார். அவருக்குக் குரல் இல்லை. இரும்புத் துண்டால் தட்டித்தான் பேசுவார். உங்கள் எந்திரம் அவரைச் சத்தம் என்று நினைக்கிறது. ஃபேக்ஸுக்குக் கொடுக்கிற இடத்தை அவருக்குக் கொடுக்க முடியுமா?”

அந்தப் பக்கத்திலிருந்து, ரிசீவரை ஒட்டிக் காது வைத்திருந்த எனக்கே கேட்டது, ‘ஹுப்’.

வாரக் கடைசியில் நிறுவனத்திலிருந்து உறுதிக் கடிதம் வந்தது. உங்கள் இணைப்பில் செய்யப்பட்ட மாற்றம்: ஃபேக்ஸ், ஒன்று. பெயர், முகவரி எல்லாம் சரியாக இருந்தன. மஞ்சு அதைப் படித்துவிட்டு, இனிமேல் மாமனாருக்குத் தாள் போட வேண்டுமா என்று கேட்டார். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. ஸ்வீடன் நாட்டுக் கணக்கில் என் அப்பா ஒரு ஃபேக்ஸ் எந்திரம். பரவாயில்லை. ஓசூர் கம்பெனியில் டோக்கன் நம்பராக இருந்தார், இங்கே ஃபேக்ஸாக இருக்கட்டும்.

7

ஞாயிற்றுக்கிழமை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஓசூரில் மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாரோ என்று நினைத்தேன். மகளுக்குத்தான் கேட்பதில்லையே, எடுத்து என்ன செய்யப் போகிறார்?

எடுத்தார். ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் வந்தது. ஹாரன் வந்தது.

“அப்பா, தட்டுங்க.”

டொக்.

“அப்பா, கேக்குதுப்பா. நல்லா கேக்குது. இப்ப யாரும் நடுவுல இல்ல. நானும் நீங்களும்தான்.”

மூன்று தட்டு.

“சொல்லுங்கப்பா. கழுத்துல ஏதாவது கட்டி தெரியுதா? மறைக்காதீங்க.”

இரண்டு.

“நெஜமா?”

ஒன்று. அதில் ஒரு சலிப்பு இருந்தது. எத்தனை தரம் இதையே கேட்பாய் என்கிற தட்டு.

“ரத்னம்மாக்கா ஏதாவது சொன்னாங்களா? வீட்டை விக்கச் சொல்லி யாராவது வந்தாங்களா? தரகர் தொல்லையா?”

இரண்டு. எல்லாவற்றுக்கும் இரண்டு. எனக்குத் தெரிந்த கேள்விகளெல்லாம் தீர்ந்துகொண்டே வந்தன. காய்கறி, தண்ணீர், கூரை, கனவில் அம்மா வந்தாளா என்றுகூடக் கேட்டேன். அதற்குத் தட்டாமல் கொஞ்சம் யோசித்தார். பிறகு இரண்டு.

மீரா என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ரிசீவரோடு காதை வைத்திருந்தாள். அவள்தான் என்னைத் தொட்டு, அரைத் தமிழில் கிசுகிசுத்தாள். “நம்மள கேக்கறாரா, அம்மா? நம்ம விஷயமா?”

எனக்கு அது தோன்றவே இல்லை. அவர் வீடு, அவர் உடம்பு, அவர் ஊர் என்றே தேடிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வருடமும் லீவு வரும்போது ‘வரட்டுமாப்பா’ என்று கேட்பேன். டிக்கெட்டுக்கு எதற்கு வீண் செலவு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கெடும் என்று அவர் இரண்டு தட்டுவார். நான் கேட்டு முடிப்பதற்குள் அந்த இரண்டும் வந்துவிடும். அதனால் இந்த வருடம் கேட்கவே இல்லை.

“அப்பா,” என்றேன். “நான் வரட்டுமா?”

டொக்.

இரண்டாவது தட்டுக்குக் காத்திருந்தேன். எப்போதும் ஒன்றன் வால் பிடித்து அடுத்தது வந்துவிடும். லாரி ஒன்று கடந்து போனது. ரத்னம்மா அக்கா வீட்டில் குக்கர் விசில் அடித்தது. இரண்டாவது தட்டு வரவில்லை. லைன் விழுங்கிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம்.

“அப்பா, ஒண்ணா? ஒண்ணுதானாப்பா?”

டொக்.

லைன் எதையும் விழுங்கவில்லை. அப்பா கூப்பிடுகிறார்.